துரை சாப்பிட மறுப்பது குறித்து மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அதே சுகத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயில், மழை, குழாய்த் தண்ணீர், லிஃப்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இந்த வீட்டில் ஒழுங்காக இல்லாதவர் ஒரே ஒருவர்தான், அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தால் முதலில் பிரிப்பவள் என் மகள், பிரித்ததும் அழுவாள். போனில் சொல்லலாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் அத்தை போனைப் பிடுங்கி மீதிக் கதையை வேறு மாதிரிச் சொல்லிவிடுகிறாள். கடிதத்தைத்தான் யாரும் நடுவில் பிடுங்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போகிற ஊரில் வாடகை வீட்டுக்காரர் நாயைச் சேர்க்க மாட்டேன் என்கிறார் என்று நீங்கள் துரையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அன்றைக்கே எனக்கு முதல் குழப்பம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வளர்க்கும் நாய். 'வா போ' என்று கூப்பிடலாமா, 'வாங்க போங்க' என்று கூப்பிட வேண்டுமா? முதல் இரண்டு நாள் 'துரை சார், கொஞ்சம் நகருங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை, "அதுக்கு சோபா மேல உக்காரவே உரிமை இருக்கு, பட்டம் வேற எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். இந்தக் கடிதத்திலும் எழுத வசதிக்காக 'அது' என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போன பொட்டலத் தீனியை முதலில் ஒழுங்காகத்தான் தின்றது. பிறகு காதைச் சொறிய ஆரம்பித்தது. காது முடிந்து வயிறு, வயிறு முடிந்து வால். அப்புறம் சுவரில் உரச ஆரம்பித்து, கூடத்துச் சுவரில் அதன் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. தெருமுனையில் இருக்கும் நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டலத் தீனி இதுக்கு ஒத்துக்கல சார். கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே சமைச்சுப் போடுங்க" என்றார். "பூ, இவ்வளவுதானா! நாங்க சாப்பிடுறதுல ஒரு கை போட்டாப் போச்சு" என்றேன். நான் வாயைத் திறந்தது அங்கேதான் தப்பு. டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வெங்காயம் கூடாது. பூண்டு கூடாது. திராட்சை கூடாது, உலர்ந்த திராட்சை இன்னும் மோசம். சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலில் குத்தும், அதுவும் கூடாது. உப்பு, காரம், எண்ணெய் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் மிட்டாயில் போடுகிற ஒருவகை இனிப்பு துளி உள்ளே போனாலும் ஆபத்து. அந்த மிட்டாய்தான் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், உங்களுக்கே தெரியும். அங்கேயே பையைக் காலி பண்ணி அவருடைய மேஜை மேல் வைத்துவிட்டேன், கத்தியைக் கீழே போட்ட திருடன் மாதிரி.

"அப்போ என்னதான் போடலாம்?" என்று கேட்டேன். எலும்பில்லாத கோழி, அரிசி, கேரட், பூசணி, பீன்ஸ், அவித்த முட்டை, அப்பப்போ கொஞ்சம் ஈரல் என்றார். மேலே தூவ ஒரு பொடியும் எழுதிக் கொடுத்தார், வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து பற்றாதாம். எளிதாகத்தான் இருந்தது, டாக்டரம்மாவோடு நிறுத்தியிருந்தால். நான் வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

உங்கள் அத்தையின் தம்பியை உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை பேச ஆரம்பித்தால் யாராலும் அணைக்க முடியாது என்பதால் குடும்பத்தில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்களே, அவர்தான். "அத்தான், நாய்க்கு முட்டை குடுத்தா முடி கொட்டும்" என்றார். கறிக்கடைக்காரர், "முட்டை குடுத்தாத்தான் சார் முடி பளபளன்னு வரும். எலும்பில்லாம நாய்க்குக் கறி கேக்குற முதல் ஆள் நீங்கதான்" என்றார். எலும்பு கேட்டால் டாக்டரம்மா திட்டுவார், கேட்காவிட்டால் கறிக்கடைக்காரர் சிரிக்கிறார். காய்கறிக் கடையில், "பூசணி வயித்தைக் கலக்கும், கேரட் வயித்தைக் கட்டும், ரெண்டையும் சேத்துப் போட்டா சரியாப்போயிடும்" என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். போனில் தேடினால் ஒரு பக்கம் தக்காளி நல்லது என்கிறது, இன்னொரு பக்கம் காய் தக்காளி விஷம், பழத் தக்காளி பரவாயில்லை என்கிறது, மூன்றாவது பக்கம் நாயே வளர்க்காதீர்கள், பூனை வளருங்கள் என்கிறது. ஆளாளுக்கு நாட்டாமை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, வாலாவது துரையிடம் இருக்கிறது.

இதில் உங்கள் அத்தையின் சமையலறை வேறு. அந்த அறையில் வெங்காயம் படாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை, மாப்பிள்ளை. கரண்டியில் வெங்காயம், பலகையில் வெங்காயம், கத்தியில் வெங்காயம், கண்ணில் கண்ணீர். "துரைக்குத் தனிப் பாத்திரம் வேணும்" என்றேன். "எனக்கே தனியா ஒரு பாத்திரம் இந்த வீட்டுல இல்ல" என்றாள். கடைசியில் துரைக்கென்று ஒரு சின்ன குக்கர், ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு கரண்டி எல்லாம் புதிதாக வாங்கி, சமையலறையில் ஜன்னலோரம் தனியாக ஓர் அடுப்பும் போட்டேன். அந்தப் பக்கம் உங்கள் அத்தை கையைக் கழுவாமல் வரக்கூடாது என்றும் சொன்னேன். அன்று இரண்டு வேளை எனக்குத் தேநீர் வரவில்லை.

இப்போது என் முறையைச் சொல்கிறேன், இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். என் நாக்கு 'சரி' என்று சொல்லாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டியதில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கொப்பரையில் எடுத்து ருசி பார்ப்பது சமையல்காரன் வேலை, கடைசியில் பொட்டலத்துக்குள் போனதைப் பிரித்து ருசி பார்ப்பதுதான் பரிசோதகன் வேலை. கொப்பரையில் நன்றாக இருந்தது பொட்டலத்தில் கெட்டுப்போகலாம். ஆகையால் துரைக்குச் சமைத்ததைக் குக்கரிலிருந்து ருசி பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதன் தட்டில் போட்டு, பொடியைத் தூவி, ஆறவைத்து, தரையில் அதன் முன்னால் வைத்த பிறகு, நானும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தத் தட்டிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துச் சாப்பிடுவேன். மென்று, நாக்கின் நுனி, பக்கம், அடி எல்லாவற்றிலும் உருட்டிப் பார்த்து, சிறிது நேரம் காத்திருந்து, வயிற்றில் எதுவும் ஆகவில்லை என்று தெரிந்ததும் "பரிசோதனை பாஸ், சாப்பிடு துரை" என்பேன். இதைவிடப் பாதுகாப்பாக ஒரு நாய்க்கு எந்த வீட்டில் சாப்பாடு போடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அது சாப்பிடவில்லை.

முதல் வேளை தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. புது இடம், புதுச் சாப்பாடு, பழகட்டும் என்று விட்டேன். மறுவேளையும் அதே கதை. கேரட்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கேரட்டை நிறுத்தினேன். பிறகு பூசணியை நிறுத்தினேன். பீன்ஸை மசித்துப் பார்த்தேன். ஈரல் போட்டேன், அந்த வாசனைக்கு அதன் வாயில் எச்சில் ஒழுகியது மாப்பிள்ளை, என் கண்ணால் பார்த்தேன், ஆனாலும் நான் கரண்டியை எடுத்ததும் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஆசை இருக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. இது என்ன நோய்? ஒவ்வொரு வேளையும் நான் இரண்டு கரண்டியிலிருந்து மூன்று கரண்டிக்குப் போனேன், ஒருவேளை ஏதோ கெட்ட ருசி என் நாக்குக்குத் தப்பிப்போகிறதோ என்று. உப்பில்லாத கோழியும் பூசணியும் தின்று தின்று எனக்கு நாக்கே செத்துப்போயிற்று. உங்கள் அத்தை சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும்னு சொல்லுவாங்க. நீங்க குரைக்கிறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வாயில் ஈரல் இருந்தது.

தினமும் சாயங்காலம் என் மகள் போன் செய்து "அப்பா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா, கோழி, ஈரல், அவிச்ச முட்டை" என்பேன். துரை சாப்பிட்டதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சந்தோஷமாக வைத்துவிடுவாள். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. துரையின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எல்லாம் நானே சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் டாக்டர் குடுக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அதுக்கும் ஆகாதுன்னு யார் சொன்னது? திராட்சை நீங்க கிலோ கணக்குல சாப்பிடலாம். அதுக்குக் கொஞ்சம் போதும், கிட்னி போயிடும். உங்க வயிறு வேற, அதோட வயிறு வேற. உங்க நாக்கை வெச்சு அதுக்கு சர்டிபிகேட் குடுக்க முடியாது" என்றார். என் நாக்கைப் பற்றி இப்படி யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. கம்பெனி முதலாளிகூடச் சொன்னதில்லை. இருந்தாலும் அந்தம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகையால் ருசி பார்ப்பதை விஷப் பரிசோதனையாக இல்லாமல் வெறும் தரப் பரிசோதனையாக மட்டும் தொடர்வது என்று தீர்மானித்தேன்.

அடுத்து நடந்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. டாக்டரம்மா துரையைத் தூக்கித் தராசில் நிறுத்தினார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். நான் ரசீது போடுகிற ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் அங்கே வேலை பார்க்கிற நர்ஸம்மா உள்ளே ஒரு கிண்ணத்தில் என்னவோ வைத்திருக்கிறார். நான் திரும்பி வருவதற்குள் கிண்ணம் காலி. காலி என்றால், கழுவி வைத்தது போல் காலி. துரை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா வெச்சீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "என்ன சார், சாதமும் அவிச்ச கோழியும்தான். எல்லாத்துக்கும் குடுக்கிறதுதான்" என்றார். "உப்பு?" "இல்ல." "பொடி?" "இல்ல." "கேரட்?" "சார், வெறும் சாதம், வெறும் கோழி."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தா வந்தேன், பறந்தா வந்தேன் என்று எனக்கே தெரியாது. அதே அரிசி, அதே கோழி. நர்ஸம்மா எந்தக் கடையில் வாங்குகிறாரோ அதே கடையில் போய் வாங்கினேன். அதே மாதிரிக் கிண்ணம்கூட வாங்கினேன். வேகவைத்து, ஆறவைத்து, தரையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, என் கடமையை முடித்து "பாஸ்" என்றேன். துரை என்னைப் பார்த்தது. பின்னால் போய் உட்கார்ந்தது. சுவரைப் பார்த்தது.

தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். கேன் தண்ணீர் வாங்கி வேகவைத்தேன். இல்லை. கிண்ணத்தைச் சந்தேகப்பட்டேன். வாழையிலை முதல் பீங்கான்வரை மாற்றிப் பார்த்தேன். இல்லை. வைக்கிற இடத்தைச் சந்தேகப்பட்டு சமையலறை, கூடம், பால்கனி, என் படுக்கையறை என்று வீடு முழுக்க ஊர்வலம் போனோம், முன்னால் நான் கிண்ணத்தோடு, பின்னால் துரை, அதன் பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டே உங்கள் அத்தை. ரேடியோ வந்து உட்கார்ந்து, "அத்தான், ஜன்னலை மூடுங்க, வெளிச்சம் பட்டா நாய் சாப்பிடாது" என்றார். ஜன்னலை மூடினேன். புழுக்கத்தில் எங்களுக்கே சாப்பாடு இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று போட்டிருந்தது. எனக்கு அதைப் படித்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. நோய் என்றால் மருந்து உண்டு. நோய் இல்லை என்றால் எதைக் கொடுப்பது?

இப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் துரையை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். ஊசிக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. ஹோட்டலுக்குப் போவது போல் போகிறோம். நர்ஸம்மா வைக்கிறார், துரை சாப்பிடுகிறது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "டாக்டர், அதே அரிசி, அதே கோழி. இங்க சாப்பிடுது, எங்க வீட்டுல ஏன் சாப்பிட மாட்டேங்குது?" அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சில நேரம் சாப்பாடு காரணமா இருக்காது சார். வளர்த்தவங்களைத் தேடும். புது ஆள்கிட்ட மனசு ஒட்டாது. உங்களைப் பாத்தா அதுக்கு ஏதோ கஷ்டமா இருக்கோ என்னவோ."

ஆக, மாப்பிள்ளை, விஷயம் அதுதான். கேரட் இல்லை, பூசணி இல்லை, தண்ணீர் இல்லை. அதற்குப் பிடிக்காதது நான்தான். ஆட்டோவில் வரும்போது அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் மடியில் தலை வைப்பது வேறு, என் கையால் சாப்பிடுவது வேறு போலிருக்கிறது. நாய் விஷயத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இந்த வயதில் ஒரு நாய்க்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஆட்டோவில் அழுவது நன்றாக இருக்காது என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகையால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உங்கள் தங்கை ஏற்கெனவே இரண்டு நாய் வளர்க்கிறார், துரையைத் தன்னிடம் விடும்படி ஆரம்பத்திலேயே கேட்டார். சம்பந்தியம்மாவும் அப்போதே, "அவங்களுக்கு நாய் வளர்க்கத் தெரியுமா?" என்று கேட்டதாகக் காதில் விழுந்தது. நான்தான் வீம்புக்கு 'எங்க மாப்பிள்ளை நாய் எங்ககிட்டதான் இருக்கும்' என்று நின்றேன். சம்பந்தியம்மா சொன்னது சரி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று நின்று ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லக் கூடாது. தயவுசெய்து உங்கள் தங்கைக்கு உடனே தகவல் கொடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து துரையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லவும். குக்கர், பலகை, கத்தி, கிண்ணம், பொடி எல்லாம் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்துவிடுகிறேன். அதன் போர்வையை மட்டும் துவைக்கவில்லை, இங்கே படுத்த வாசனை போய்விடும் என்று உங்கள் அத்தை துவைக்க விடமாட்டேன் என்கிறாள். என் மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். 'அப்பாவால் முடியவில்லை' என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

உங்கள் வேலையில் மேலும் மேலும் உயர்வு வரவும், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கவும், நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவும் இந்த மாமனும் அத்தையும் மனதார ஆசீர்வதிக்கிறோம். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

தோற்றுப்போன,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உங்கள் தங்கைக்குத் தகவல் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேலே கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், மத்தியானச் சாப்பாட்டு நேரம் எப்போதோ கடந்துபோயிருந்தது. கடிதம் எழுதும் வேகத்தில் துரைக்குச் சாப்பாடு வைக்கவே மறந்திருந்தேன். சமையலறையிலிருந்து தரையில் என்னவோ தேய்க்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் துரை கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டவைத்து நக்கிக்கொண்டிருந்தது. கோழி, சாதம், பூசணி, கேரட் ஒன்றுமே மிச்சமில்லை. "யார் வெச்சது?" என்று கத்தினேன். "நான்தான். நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அது செத்தே போயிடும்னு வெச்சேன்" என்றாள் உங்கள் அத்தை. "ருசி பாத்தியா?" "அதோட தட்டுல நான் ஏன் வாய் வைக்கணும்?"

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "அடக் கடவுளே, என்னங்க, நாம சாப்பிடுறப்போ அது ஒரு நாளாவது மேஜை பக்கம் வந்திருக்கா? மனுஷங்க சாப்பிடுற தட்டுல வாய் வைக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை அவ்வளவு ஒழுங்கா வளர்த்திருக்காரு. நீங்க வேளாவேளைக்கு அது முன்னாடி உக்காந்து அதோட தட்டுல அள்ளி அள்ளித் தின்னா, அது என்னன்னு நினைக்கும்? இது பெரியவரோட சாப்பாடு, நமக்கில்லன்னுதானே நினைக்கும்!" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பரிசோதகன் இல்லையா, நிரூபணம் வேண்டும். இன்னும் ஒரு பிடி கோழி எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். துரை வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நான் கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்தேன். துரை உடனே நின்றது. எச்சில் ஒழுக ஒழுக இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அது என்னை வெறுத்துத் திரும்பவில்லை மாப்பிள்ளை. நான் சங்கடப்படாமல் சாப்பிடட்டும் என்று பார்க்காமல் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் தன் பசியை அடக்கிக்கொண்டு, ஒரு கிழவன் வயிறு நிறையட்டும் என்று காத்திருந்திருக்கிறது. இந்த முறை நான் வெளியே பார்த்துக்கொள்ளவில்லை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன். கரண்டியை உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டாள், இனி என் கையில் தரமாட்டாளாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருந்ததால்தான் அது சாப்பிட்டது. ஆகையால் அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் மேலே உள்ளதைப் படிக்காமல் பின்குறிப்பை மட்டும் படித்துக்கொள்ளவும்.